0.2 விநாடி எங்கே போனது? பந்தயக் காரின் செயல்திறன் பொறியியல்: ஓர் எளிய அறிமுகம்

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, நாட்டின் பல பொறியியல் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் தாங்களே வடிவமைத்துத் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கொண்டுவருகிறார்கள். இத்தகைய மாணவர் போட்டிகளில் ஸ்கிட்பேட் என்றொரு சோதனை உண்டு. அருகருகே அமைந்த இரண்டு வட்டங்களில் கார் 8 வடிவில் ஓட வேண்டும். வலப்பக்க வட்டத்தில் இரண்டு சுற்று, இடப்பக்க வட்டத்தில் இரண்டு சுற்று, ஒவ்வொன்றிலும் இரண்டாவது சுற்றின் நேரம் மட்டுமே கணக்கில் சேரும். உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். ஓர் அணியின் கார் ஒரு சுற்றை 5.0 விநாடியிலும் இன்னோர் அணியின் கார் 5.2 விநாடியிலும் முடித்ததாக வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேகத்தில் ஓடியதாகத்தான் தெரியும். அந்த 0.2 விநாடி எந்தக் காரணத்தால் வந்தது என்று கேட்டு, அதற்குச் சான்றுடன் பதில் சொல்லக் கற்பதுதான் செயல்திறன் பொறியியல்.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பாதையின் நடுக்கோட்டில் கார் ஓடுகிறது என்று கொண்டால் வட்டத்தின் ஆரம் 9.125 மீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 57.3 மீட்டர். 5.0 விநாடியில் அதைச் சுற்றும் காரின் வேகம் மணிக்கு 41.3 கி.மீ.; 5.2 விநாடியில் சுற்றும் காரின் வேகம் 39.7 கி.மீ. வேறுபாடு மணிக்கு 1.6 கி.மீ. மட்டுமே. ஆனால் பள்ளி இயற்பியலில் படித்த மையநோக்கு முடுக்கத்தை, அதாவது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கணக்கிட்டால், முதல் கார் 1.47 ஜி, இரண்டாவது கார் 1.36 ஜி என்று வருகிறது. ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம். ஆக, நேரத்தில் 4 சதவீதமாகத் தெரிந்த வேறுபாடு டயரின் பிடிமானத்தில் 8 சதவீதமாக இருக்கிறது. இந்த 8 சதவீதத்தை ஒரு மாணவர் எங்கே தேட வேண்டும் என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

அதற்குமுன் பெயர்களைத் தெளிவுபடுத்திவிடலாம். பந்தய அணியில் வடிவமைப்புப் பொறியாளர் பாகங்களை உருவாக்குகிறார். மெக்கானிக் அவற்றைப் பொருத்திப் பராமரிக்கிறார். ரேஸ் இன்ஜினியர் ஓட்டுநரோடு நேரடியாகப் பேசி, அந்தக் காரைப் பற்றிய இறுதி முடிவுகளை எடுக்கிறார். பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினியர் என்று அழைக்கப்படும் செயல்திறன் பொறியாளர் அவருக்கு அருகில் அமர்ந்து, காரிலுள்ள சென்சார்கள் தரும் தரவைப் படித்து, இந்தக் கார் இன்னும் எவ்வளவு வேகமாகச் சென்றிருக்க முடியும், எந்த இடத்தில் அது நடக்கவில்லை, காரணம் காரிலா, ஓட்டும் முறையிலா, தடத்திலா என்று பிரித்துச் சொல்கிறார். சிறிய அணிகளில் இந்த வேலைகள் எல்லாவற்றையும் ஒருவரே செய்வது வழக்கம். படிக்கும் காலத்தில் அப்படி எல்லாவற்றையும் செய்ய நேர்வதை நான் நல்வாய்ப்பாகவே கருதுகிறேன்.

எந்தத் தேடலும் டயரிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனெனில் பிரேக் போடுவது, திரும்புவது, வேகமெடுப்பது ஆகிய மூன்றும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளங்கை அளவு ரப்பர்த் துண்டுகள் நான்கின் வழியாகவே நடைபெறுகின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு கோணத்தை ஸ்லிப் ஆங்கிள் என்கிறார்கள். இந்தக் கோணம் இல்லாமல் டயர் பக்கவாட்டு விசையைத் தராது. கோணம் கூடக்கூட விசையும் கூடும். சில பாகை அளவில் ஓர் உச்சத்தைத் தொடும். அதற்குமேல் திருப்பினால் விசை குறையத் தொடங்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசேக்கா இந்த வளைகோட்டை ஒரு கணித வாய்பாடாக எழுதிக் காட்டினார். 'மேஜிக் ஃபார்முலா' என்று துறையினர் அழைக்கும் அந்த வாய்பாட்டின் பல வடிவங்களை இன்றும் வாகனத் தொழில் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

டயரின் இரண்டாவது குணத்தைத்தான் புதிதாகப் படிப்பவர்கள் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒரு டயரின் மேல் சுமை இரட்டிப்பானால் பிடிமானமும் இரட்டிப்பாகும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. சிறிய செய்தியாகத் தோன்றும் இது பந்தயக் காரின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. ஓட்டுநரோடு சேர்த்து 280 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எடைமையம் தரையிலிருந்து 0.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் தூரம். 1.4 ஜி அளவில் அது வளைவில் திரும்பும்போது, 280 × 1.4 × 0.3 ÷ 1.2, அதாவது 98 கிலோ சுமை உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. நேர்பாதையில் பக்கத்துக்கு 140 கிலோவாக இருந்த சுமை, வளைவில் வெளிப்பக்கம் 238, உட்பக்கம் 42 என்று ஆகிவிடுகிறது.

இனி இதன் விளைவைப் பார்க்கலாம். எளிமைக்காக விசையையும் கிலோவிலேயே சொல்கிறேன். கீழே வரும் உராய்வுக் கெழுக்கள் (டயர் தரும் விசையை அதன் மேலுள்ள சுமையால் வகுத்து வரும் எண்கள்) உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. எடை முன்னும் பின்னும் சமமாக இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு டயரும் 70 கிலோவைச் சுமக்கும்போது கெழு 1.6 என்றால், ஒரு ஜோடி டயர் தரக்கூடிய பக்கவாட்டு விசை 224 கிலோ. வளைவில் வெளிப்புற டயர் 119 கிலோவைச் சுமந்து கெழு 1.45 ஆகக் குறைய, உட்புற டயர் 21 கிலோவைச் சுமந்து கெழு 1.75 ஆகக் கூடினால், இரண்டும் சேர்ந்து தருவது ஏறத்தாழ 209 கிலோ மட்டுமே. அதே டயர்கள், அதே எடை. சுமை சமமின்றிப் பிரிந்ததால் மட்டும் பிடிமானத்தில் 7 சதவீதம் போய்விட்டது. ஸ்கிட்பேட்டில் நாம் தேடிய 8 சதவீதத்தின் ஒரு பகுதி இங்கே ஒளிந்திருக்கலாம். எடைமையத்தை 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் மாறும் சுமை 98 கிலோவிலிருந்து 88 கிலோவாகக் குறையும். பேட்டரியையும் இருக்கையையும் எவ்வளவு தாழ்வாக வைக்க முடியும் என்று மாணவர்கள் நாட்கணக்கில் விவாதிப்பது இந்தக் கணக்கினால்தான்.

ஆன்டி ரோல் பாரை, அதாவது வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியை, இறுக்கினால் இந்தச் சுமை மாற்றமே குறைந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கார் சாய்வது குறையும் என்பது உண்மை. ஆனால் மொத்தச் சுமை மாற்றத்தை எடையும் உயரமும் அகலமும் முடுக்கமும்தான் முடிவு செய்கின்றன. அந்த மொத்தத்தில் முன்சக்கர ஜோடிக்கு எவ்வளவு, பின்சக்கர ஜோடிக்கு எவ்வளவு என்ற பங்கீட்டைத்தான் ஆன்டி ரோல் பாரும் ஸ்பிரிங்கும் மாற்றுகின்றன. பின்புறத்தை இறுக்கினால் பின் ஜோடியில் சுமை அதிகமாகப் பெயர்ந்து, பின் டயர்களின் மொத்தப் பிடிமானம் குறைந்து, காரின் வால் வெளியே நழுவ முனையும், இதுவே ஓவர்ஸ்டீர். முன்புறத்தை இறுக்கினால் முன் டயர்கள் முதலில் சோர்ந்து, கார் வளைவைவிட்டு வெளிப்பக்கமாகப் போகப் பார்க்கும், இது அண்டர்ஸ்டீர். செட்டப் என்று சொல்லப்படும் வேலையின் பெரும்பகுதி இந்தப் பங்கீட்டைச் சரிசெய்வதில் அடங்கிவிடுகிறது.

மூன்றாவது குணம், டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது என்பது. வாடகைக்கு அதிகம் கொடுத்தால் மளிகைக்குக் குறையும். அதுபோல, பிரேக்குக்கு முழுவதையும் செலவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பிரேக், முடுக்க விசையை ஓர் அச்சிலும் பக்கவாட்டு விசையை மற்றோர் அச்சிலும் வைத்து இதை வரைபடமாகப் போட்டால் ஏறத்தாழ ஒரு வட்டம் கிடைக்கும். அதற்கு உராய்வு வட்டம் என்று பெயர். திறமையான ஓட்டுநர் வளைவுக்குள் நுழைய நுழைய பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைக் கூட்டுவதால், எப்போதும் அந்த வட்டத்தின் விளிம்பிலேயே இருக்கிறார். புதியவர் பிரேக்கை முழுவதும் விட்டுவிட்டு, ஒரு கணம் எதுவும் செய்யாமல் இருந்து, பிறகு திரும்புவார். அந்த ஒரு கணத்தில் அவருடைய புள்ளி வட்டத்தின் நடுவில் கிடக்கும். தரவில் இந்தக் காட்சியை முதன்முறையாகப் பார்க்கும் மாணவருக்கு ஓட்டுதல் என்ற கலை திடீரென்று புலப்படத் தொடங்குகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வரைபடம் இதுதான்.

டயர் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்கள் மறக்காத ஒரு சான்று உண்டு. 2005 ஜூன் 19 அன்று இண்டியனாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரில் நான்காவதாக வந்து, ஃபார்முலா 1-இல் புள்ளிகள் பெற்ற முதல் இந்தியரானார். அந்தப் பந்தயத்தில் ஓடியவை ஆறு கார்கள் மட்டுமே. அங்குள்ள 13ஆம் வளைவு சரிவாகக் கட்டப்பட்டது. மிக அதிக வேகத்தில் அதைக் கடக்கும்போது சரிவு காரைத் தரையோடு அழுத்தி, டயரின் மேல் கூடுதல் சுமையை ஏற்றுகிறது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் அந்த வளைவில் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. வேகத்தைக் குறைக்க வழி செய்யாவிட்டால் தங்கள் டயர்கள் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதி தர முடியாது என்று மிஷலின் நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டின் விதிப்படி பந்தயத்தின் நடுவே டயர்களை வழக்கம்போல் மாற்றிக்கொள்ளவும் இயலாது. எனவே மிஷலின் டயரில் ஓடிய 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் பிட்டுக்கு, அதாவது தடத்தின் ஓரத்தில் அணிகள் காரைக் கவனிக்கும் இடத்துக்கு, திரும்பிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் இருந்த ஃபெராரி, ஜோர்டான், மினார்டி கார்கள் மட்டும் ஓடின. எஞ்சின் எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும் டயரின் சுமைக் கணக்குதான் கடைசியில் தீர்ப்பளிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது.

இனித் தரவைப் படிக்கும் முறைக்கு வருவோம். காரிலுள்ள டேட்டா லாகர், வேகம், ஸ்டீயரிங் கோணம், பிரேக் அழுத்தம், ஆக்ஸிலரேட்டர் நிலை, பக்கவாட்டு முடுக்கம் போன்றவற்றை விநாடிக்குப் பலமுறை பதிவு செய்கிறது. தொடக்கத்தில் கற்க வேண்டிய பழக்கம், இவற்றை நேரத்துக்கு எதிராக வரையாமல் தூரத்துக்கு எதிராக வரைவது. நேரத்துக்கு எதிராக வரைந்தால் வேகமான சுற்றும் மெதுவான சுற்றும் போகப்போக விலகிவிடும்; தூரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரே வளைவு ஒரே இடத்தில் வந்து நிற்கும். அதன்பின் இரண்டு சுற்றுகளுக்கும் இடையே சேர்ந்துகொண்டே வரும் நேர வேறுபாட்டை ஒரு கோடாக வரைய வேண்டும். டெல்டா என்று அழைக்கப்படும் இந்தக் கோடு ஏறும் இடத்தில் நேரம் போகிறது, இறங்கும் இடத்தில் நேரம் திரும்பக் கிடைக்கிறது.

ஆனால் கோடு ஏறும் இடமும் தவறு நடந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.717 கி.மீ. நீளச் சென்னை சர்வதேசத் தடத்தைப் போன்ற ஒரு தடத்தில், நேர்பாதைக்கு முந்தைய வளைவில் ஓட்டுநர் சற்று அவசரப்பட்டு உள்ளே நுழைந்து, வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரைத் தாமதமாக அழுத்தினார் என்று கொள்வோம். வளைவின் நுழைவில் டெல்டா அவருக்குச் சாதகமாகவே இருக்கும். இழப்பு அதற்குப் பின்வரும் நேர்பாதை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். 600 மீட்டர் நேர்பாதையில் சராசரி வேகம் மணிக்கு 181 கி.மீ.க்குப் பதில் 180 கி.மீ. ஆனால் போவது 0.066 விநாடி, 15 சுற்றுகளில் அது ஒரு விநாடி. எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை என்று ஓர் அணி முடிவு செய்து பணத்தைச் செலவழிக்கும் முன், அந்த வளைவின் வெளியேற்றத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தரவு மட்டும் போதாது. ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். 'முன்பக்கம் பிடிக்கவில்லை' என்று அவர் சொல்வது வளைவின் நுழைவிலா, நடுவிலா, வெளியேறும்போதா என்பதைப் பொறுமையாகக் கேட்டறிந்தால்தான் அந்தச் சொல் பயன்படும். நுழைவில் என்றால் பிரேக் பங்கீடோ டேம்பரோ (ஸ்பிரிங்கின் அசைவை அடக்கும் பாகம்) காரணமாகலாம். நடுவில் என்றால் முன்சொன்ன சுமைப் பங்கீடு. வெளியேறும்போது என்றால் டிஃபரென்ஷியலையும் (எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பாகம்) பார்க்க வேண்டியிருக்கும். ஃபார்முலா 1-இல் பிட்டிலிருந்து காருக்குள் கட்டளை அனுப்பி எதையும் மாற்றுவது 2003 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. தரவு காரிலிருந்து பிட்டுக்கு மட்டுமே வரலாம். எனவே பொறியாளர் கண்டுபிடித்த தீர்வு, எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், வானொலியில் சில சொற்களாகச் சுருங்கி ஓட்டுநரின் காதை அடைந்து, அவருடைய விரல் ஸ்டீயரிங்கிலுள்ள சுவிட்சைத் திருப்பிய பிறகே காரைச் சேர்கிறது. தெளிவாகப் பேசும் பயிற்சியை நான் கணிதத்துக்கு அடுத்தபடியாக வைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு மாற்றம் உண்மையிலேயே பலன் தந்ததா என்று அறிவது இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி. காலையில் ஒரு செட்டப்பில் ஓடிவிட்டு, மதியம் ஆன்டி ரோல் பாரை மாற்றி ஓடினால் நேரம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். இதற்கிடையே தடத்தில் ரப்பர் படிந்து பிடிமானம் கூடியிருக்கும், ஓட்டுநருக்குத் தடம் பழகியிருக்கும், எரிபொருள் குறைந்து கார் இலேசாகியிருக்கும், தரை சூடாகியிருக்கும். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே பழைய நிலையில் ஓடி, ஒரே ஒரு மாற்றம் செய்து ஓடி, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பி ஓடிப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஓட்டம் முதல் ஓட்டத்தோடு ஒத்துப்போகாவிட்டால், நடுவில் செய்த மாற்றத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. சோதனைக்கு இரண்டு மணி நேரமே கிடைத்திருக்கும் மாணவர் அணிக்கு அந்த மூன்றாவது ஓட்டம் வீணாகத் தோன்றும். அதைத் தவிர்ப்பதால்தான் பல அணிகள் ஆண்டு முழுவதும் தவறான முடிவுகளைச் சுமந்து திரிகின்றன.

டயர் அழுத்தத்துக்கும் இதே கவனம் வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் 12 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று நிரப்பிய டயர், ஓடி 60 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் வாயு விதிப்படி 14.6 பிஎஸ்ஐக்கு அருகில் செல்லும். கார் திரும்புவது இந்தச் சூடான அழுத்தத்தில்தான். ஜனவரி மாதக் காலையில் கோவையில் சரியாக இருந்த தொடக்க அழுத்தம், சித்திரை வெயிலில் இருங்காட்டுக்கோட்டையில் சரியாக இருக்காது. பிட்டுக்குக் கார் திரும்பிய உடனே அழுத்தத்தையும், டயரின் உள், நடு, வெளி விளிம்புகளின் வெப்பநிலையையும் எடுத்து நோட்டில் குறிக்கும் மாணவர், விலை உயர்ந்த மென்பொருள் தராத அறிவைச் சேர்த்துக்கொள்கிறார்.

தடத்தில் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால் கணினியில் காரை ஓடவிட்டுப் பார்க்கும் சிமுலேஷன் வந்தது. எளிய வடிவத்தை ஒரு மாணவர் பைத்தானிலோ மேட்லேபிலோ சில நாட்களில் எழுதிவிடலாம். காரை ஒரு புள்ளியாகக் கருதி, ஒவ்வொரு வளைவிலும் அது தாங்கக்கூடிய உச்ச வேகத்தைக் கணக்கிட வேண்டும். அங்கிருந்து முன்னோக்கி முடுக்கத்தையும், அடுத்த வளைவிலிருந்து பின்னோக்கி பிரேக்கையும் கணக்கிட்டு இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தைக் கண்டால், அதுவே பிரேக் போடும் இடம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 1.4 ஜி பிடிமானம் இருந்தால் வேகம் மணிக்கு 94 கி.மீ.; பிடிமானத்தை 5 சதவீதம் கூட்டினால் வேகம் ஏறத்தாழ 97 கி.மீ. தான் ஆகும், ஏனெனில் வேகம் பிடிமானத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. இத்தகைய மாதிரி சொல்லும் சுற்று நேரத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஐந்து கிலோ எடையைக் குறைப்பதா, எடைமையத்தைத் தாழ்த்துவதா, சிறகைப் பெரிதாக்குவதா என்று இருக்கும் கொஞ்சப் பணத்தைப் பங்கிட வேண்டிய வேளையில், எது அதிகப் பலன் தரும் என்று வரிசைப்படுத்திக் காட்டுவதே அதன் பயன்.

படிக்கும்போதே இதில் இறங்க விரும்பும் மாணவருக்கு ஃபார்முலா பாரத், கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடத்தில் நடந்துவரும் சுப்ரா எஸ்ஏஇ இந்தியா போன்ற போட்டிகளே சிறந்த வாசல். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் துறைகள் மட்டுமே பொருத்தம் என்பதில்லை; மின்னணுவியலும் கணினி அறிவியலும் படித்தவர்களுக்கும் தரவுப் பணியில் இடமுண்டு. மாணவர் அணிகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்து, அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள கால்ஸ்பன் ஆய்வகத்தில் டயர்களைச் சோதித்துப் பெறும் தரவுத் தொகுப்பு ஒன்றும் இருக்கிறது. கட்டணம் செலுத்தும் அணிகள் அதைப் பெறலாம். மோடெக் நிறுவனத்தின் ஐ2 என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ள முடியும். இவற்றோடு, வடிவமைப்பு நடுவர்கள் 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கும்போது அளந்து பார்த்த ஒரு வரைபடத்தை எடுத்து நீட்டப் பழகிக்கொள்ள வேண்டும். கணினி வரைந்த வண்ணமயமான காற்றோட்டப் படங்களைக் காட்டுவது எளிது; அந்தப் படம் சொன்ன விசை தடத்தில் உண்மையிலேயே கிடைத்ததா என்று அளந்து காட்டும் மாணவரைத்தான் நான் மதிப்பேன்.

வேலை எங்கே கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெர்சிடிஸ் அணி பிராக்லியிலும், ரெட் புல் மில்டன் கீன்ஸிலும், வில்லியம்ஸ் குரோவிலும், ஆஸ்டன் மார்ட்டின் சில்வர்ஸ்டோனிலும் என்று ஃபார்முலா 1-இன் பெரும்பகுதி இங்கிலாந்தின் ஒரு சிறு வட்டாரத்தில் அடங்கியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ், கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகங்களின் மோட்டார் பந்தய முதுநிலைப் படிப்புகளுக்குப் பலர் செல்வது அதனால்தான். ஆனால் கட்டணம் பெரிது, வேலைக்கு விசா ஆதரவும் தேவை. குடும்பம் கடன் வாங்குவதற்கு முன், குறைந்தது இரண்டு பருவங்கள் மாணவர் அணியில் உழைத்து, இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் தேசியப் பந்தயங்களில் ஏதாவதோர் அணிக்குச் சில வார இறுதிகள் டயர் அழுத்தம் பார்த்துக் கொடுத்து, அந்த வாழ்க்கை தமக்குப் பிடிக்கிறதா என்று அறிந்துகொள்வது நல்லது. 1982 முதல் பந்தயத்தில் இருக்கும் ஓசூரின் டிவிஎஸ் ரேசிங், செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ரிசர்ச் வேலி, ஒரகடத்திலுள்ள வாகன ஆய்வு மையம் ஆகியவற்றில் இதே இயற்பியல்தான் வேறு வேகத்தில் நடக்கிறது; அங்கே கற்ற வாகன இயக்கவியல் பந்தயத்துக்குத் திரும்பும்போதும் கைகொடுக்கும்.

இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் சந்திக்கக்கூடிய ஒரு கேள்வியை வீட்டிலிருந்தே பழகலாம். இரண்டு சுற்றுகளின் வேகக் கோடுகளை ஒரே தாளில் அச்சிட்டு, நேரம் எங்கே போனது, காரணம் என்னவாக இருக்கலாம், அந்தக் காரணத்தை உறுதிப்படுத்த அடுத்து எந்த அளவீட்டைக் கேட்பீர்கள், அந்த அளவீடு எப்படி வந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று நான்கு பதில்களை எழுதிப் பார்க்க வேண்டும். முதல் மூன்றையும் பெரும்பாலோர் எழுதிவிடுவார்கள். நான்காவதை எழுதத் தடுமாறினால், அணியின் பழைய தரவை எடுத்துவைத்துக்கொண்டு மீண்டும் முதல் வளைவிலிருந்து தொடங்கலாம்.